பதின்மூன்றாம் நாள் திரும்பிய ஃபைல்

காலை பத்தேகால்.

போன் அலறியது!

திருப்பூர் சாயக்கழிவு ஆராய்ச்சி மையத்தின் மானியப் பிரிவு மேலாளர் பூபாலன் எடுத்தார். பேசியது, ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பீகார்க்காரர் பிந்தேஷ்வர். அவருடைய தமிழுக்கு வயது இரண்டு.

"சார்... மயில்சாமி சார் மருந்து குடிச்சாச்சு. எந்திரிக்கலை. இனிமே வராது."

லைன் கட்!

பூபாலன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மருந்தா! பருத்திக்கு அடிக்கும் அந்தப் பாழாய்ப்போன மருந்தா!

மயில்சாமி விஞ்ஞானி. சாயத் தண்ணீரைத் தெளிய வைக்க ஒரு வழி கண்டுபிடித்து, மானியம் கேட்டு ஐந்து மாதமாய் அலைந்தவர்.

அலைய விட்டது பூபாலனேதான்.

2006-ல் தாமதத்தை ஒழிக்க அவர் கொண்டுவந்த புதுமுறை... எந்த ஃபைலும் பதினான்கு நாளுக்கு மேல் தங்கக் கூடாது. திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. பதின்மூன்றாம் நாள் ஒரு நொள்ளைக் காரணம் சொல்லித் திருப்பிவிடுவார். ஐந்தாவது தடவை, இனிஷியலுக்குப் பக்கத்தில் புள்ளி இல்லையாம்.

இந்த வேகத்துக்குப் பொன்னாடை வேறு! வாங்கியபோது கூசவில்லை. இப்போது உடம்பெல்லாம் கூசியது.

மேஜையில் ஐந்து திருப்புச் சீட்டுகளின் நகல்கள்.

கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்? கை போனது...

நின்றது. ஒரு புள்ளிக்காக மனுஷனைக் கொன்றுவிட்டோமே, பாவி!

சீட்டுகளோடு நேரே போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் ஜனனியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். எழுதியும் கொடுத்தார்.

"அஞ்சு தடவையும் திருப்புனது நாந்தானுங்க. கொன்னதும் நாந்தானுங்க. உள்ள தள்ளிருங்க மேடம்."

ஜீப் திருமுருகன்பூண்டிக்குப் பறந்தது. பூபாலன் வழியெல்லாம் அழுதார்.

மயில்சாமி வீட்டுக் கதவை ஜனனி தட்டினார்.

திறந்தது... மயில்சாமி!

தலையில் மப்ளர். சிவந்த மூக்கு. இருமல் மருந்து குடித்துவிட்டு அசந்து தூங்கினாராம். இன்றைக்கு ஃபைலோடு வர முடியாது என்று பூபாலனிடம் சொல்லத்தான் பிந்தேஷ்வரைப் போன் போடச் சொன்னாராம். 'இன்னிக்கு' என்பதை 'இனிமே' ஆக்கியது பிந்தேஷ்வரின் தமிழ்!

பூபாலன் தடாலென்று அவர் காலில் விழுந்தார். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுவதாகக் கதறினார்.

மயில்சாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஜனனி வாக்குமூலத்தை நீட்டினார். அவர் வரி விடாமல் படித்தார். பதின்மூன்றாம் நாள் ரகசியம் வந்ததும் இருமல் நின்றது.

நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கேஸை மூடிராதீங்க மேடம். கொலை இனிமேத்தானுங்க நடக்கப் போகுது. ஆளுக மட்டும் எடம் மாறிக்கறோமுங்க."