இவரும் அவரும் ஒருவரே

“நீதானே சேர்த்துவிட்டே, நீயே பிரிச்சுவிடு.”

“கத்தாதீங்கக்கா, வெளியில பசங்க படிக்கிறாங்க.”

“செத்தவளோட என்னைச் சேர்த்து வச்சிருக்கே. நான் மெதுவாப் பேசணுமாக்கும்.”

சலாத்திகா கல்லூரி நூலகத்தின் பின்னறையில் வுரியானியும் ரெத்னோவும் இப்படிச் சத்தம் போட்டது எங்கள் தெருவுக்கே புதுசு. பதினோரு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். விஷயமும் சின்னதுதான். நூற்பட்டியலில் உள்ள எழுத்தாளர்களை வெளிநாட்டு இணையப் பெயரேடு ஒன்றோடு இணைப்பது இவர்கள் வேலை. இணைத்தால் பிறப்பு, இறப்பு, ஊர் எல்லாம் அங்கிருந்து தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். வுரியானியும் சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பே செய்வது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டவள். அதைப் பத்துப் பேருக்குப் பரிசாகவும் கொடுத்தவள். அன்று காலை அவள் பெயரின்கீழ் வேறொரு வுரியானியின் விவரம் வந்திருந்தது: இறப்பு 1983, ராவா பெனிங் ஏரி.

ஜாவாவில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர். பிறந்த ஆண்டைப் பார்க்காமல் இணைக்கக் கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே ரெத்னோதான். இணைத்த கையால்தான் பிரிக்கவும் முடியும்.

“நாளைக்கு எடுத்துடறேன்,” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை மழை விட்டபின் வுரியானி வீட்டுக்குள் நுழைந்தபோது, குளியலறைத் தொட்டியில் நீர் சொட்டும் ஓசையும், எங்கிருந்தோ அழுகிய ஆகாயத்தாமரையின் வாடையும், ஈரத்துணியை யாரோ மெதுவாகப் பிழிவது போன்ற சத்தமும் ஒன்றாகக் கலந்து சமையலறைப் பக்கமிருந்து வந்தன. போய்ப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது. வாடை மட்டும் அவள் கூந்தலிலிருந்தே வருவதுபோல் இருந்தது.

கணவன் பம்புடி தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

“என்னங்க, சர்க்கரையே போடல?”

“நீ என்னைக்குடி சர்க்கரை போட்டுக் குடிச்சே?”

மூன்று கரண்டி போடுபவள். கேலி செய்கிறானோ என்று பார்த்தாள். அவன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வருகைப் பதிவுக் கருவி அவள் விரலை ஏற்கவில்லை. நான்கு முறை வைத்தாள். இணைப்பும் அப்படியே இருந்தது.

“மறந்துட்டியா ரெத்னோ?”

ரெத்னோ கம்ப்யூட்டர் திரையை அணைத்தாள். பிறகு, “அந்தச் செத்தவ முதல்ல என்னைத்தான் கேட்டாக்கா,” என்றாள். “ஒரு மாசமா. கம்ப்யூட்டரைத் திறந்தாலே, ‘இந்த வுரியானி, ரெத்னோதானா?’ன்னு வரும். இல்லன்னு அமுக்குவேன். மறுபடி வரும். வீட்டுல போன்லயும் வந்துச்சு. தலைமுடி ஈரமாக ஆரம்பிச்சுது. யாரையாவது காட்டித்தானே ஆகணும்? உங்க பேரும் ஒண்ணா இருந்துச்சு.”

“பதினோரு வருஷம்டி.”

“எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்குக்கா.”

வீட்டுக்கு வந்து கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ‘இவரும் அவரும் ஒருவரே.’ உறுதி செய்தவர்: ரெத்னோ. அதன்கீழ் இன்னொரு பெயர் ஏறியிருந்தது. அந்தப் பெயரேட்டில் யார் வேண்டுமானாலும் வழிமொழியலாம்.

பம்புடி.

“ஏங்க, இது என்ன?”

“கேட்டா. சரின்னேன்.”

“யாரு கேட்டா?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தான். கட்டிய புதிதில் சிரித்த சிரிப்பு.

பின்னால் ஈரம். கழுத்தில் மூச்சு. குளிர்ந்த மூச்சு. திரும்பினாள்.

ரெத்னோ அடுத்த மாதமே தேக்கு வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டு சுரபாயாவுக்குப் போய்விட்டாள். விருந்தில் ஆட்டுக்கறி கொஞ்சம் வேகவில்லை என்று கேள்வி. பம்புடி மறுமணம் செய்துகொள்ளவில்லை, தேவைப்படவில்லை. அவன் வீட்டில் ஒரு வுரியானி இருக்கிறாள், நல்ல மாதிரி, நாங்களும் பேசுகிறோம். நூலகத்துப் பக்கம் போனால் நான் அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பதுண்டு. 1983க்குப் பக்கத்தில் இப்போது ஒரு படம் வந்திருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் திரையில் அழுத்தி, வாய் திறந்தபடி, எங்கள் தெருவிலேயே வளர்ந்த வுரியானி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கைகள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கின்றன.