அகிலன் இழுத்த சுருள்

சனிக்கிழமை காலை ‘சுருட்டைக் கட்சி’ வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள்:

நித்தியா. பள்ளியில் ஆறாம் ஆண்டு படிப்பவள். குழுவைத் தொடங்கியவள்.

ஷர்மினி. எதற்கெடுத்தாலும் குரல் பதிவு அனுப்புபவள்.

பவனேஷ். குழுவின் ஒரே பையன். யாரும் அவனை அழைக்கவில்லை. அவனாகவே வந்து சேர்ந்துகொண்டான்.

பக்கத்து ஊர்களான ராசாவிலும் உலு யாமிலும் இருக்கும், யார் யாருடைய சித்தி மகள்களோ, ஒரு கூட்டம்.

கண்மணி. வெகு நாட்களாக ஒரு வார்த்தையும் எழுதாதவள்.

எல்லாரும் தத்தம் அம்மாவின் கைப்பேசியில்தான் இருந்தார்கள். அதனால் பவனேஷ் ஏதாவது எழுதினால், முகப்புப் படத்தில் பட்டுச்சேலை கட்டிய ஓர் ஆன்ட்டி பேசுவதுபோல் இருக்கும்.

அன்று காலை ஷர்மினியின் குரல் பதிவு வந்தது.

“யாருடி அந்த ராசா அக்கா? எண்ணெய நிறைய வச்சு இறுக்கிப் பின்னுன்னு சொன்னது? இப்ப என் தலை மேல லோரி ஏறின மாதிரி இருக்கு லா!”

தவறு ராசா அக்காவுடையது அல்ல. அவள் முடி ஸ்பிரிங் போன்றது. ஷர்மினியின் முடியோ லேசாக வளைந்து போவது. ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்கு ஆகாது.

எனவே குழுவை மூன்றாகப் பிரிக்க முடிவு செய்தாள் நித்தியா. வளைந்து போனால் ‘அலை’. சுருண்டு தொங்கினால் ‘முறுக்கு’. நூடல்ஸ் போலக் குட்டிக் குட்டியாகச் சுருண்டு நின்றால் ‘மீ’.

“மீயா? நான் என்ன சாப்பாடா?” என்று கேட்டான் பவனேஷ்.

நித்தியா ஒரு விதியும் போட்டாள். தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல், சீப்புப் படாமல் காயவிட வேண்டும். பிறகு பின்னாலிருந்து படம் எடுத்து அனுப்ப வேண்டும். சீப்புப் பட்டால் எந்த முடியும் பொய் சொல்லும்.

படங்கள் வந்து குவிந்தன. பவனேஷ் மட்டும் போன வருடம் கோயிலில் எடுத்த படத்தை அனுப்பினான். வழுவழு மொட்டை. மேலே சந்தனம். வலது காதுக்குப் பின்னால் ஒரு பிடி முடி, தேய்ந்த விளக்குமாறு போல நீட்டிக்கொண்டிருந்தது.

“இது எந்த வகை?”

“முடி வெட்டுறவர் தூங்கின வகை,” என்று எழுதினாள் ஷர்மினி.

உலு யாம் கூட்டத்திலிருந்துதான் பாதிப் படங்கள் வரவில்லை. நித்தியா அவர்களை நினைத்துக்கொண்டு, “நாளைக்குள்ள படம் அனுப்பாதவங்கள குரூப்ல இருந்து எடுத்துடுவேன்,” என்று எழுதினாள்.

உடனே ஒரு வரி வந்தது.

கண்மணி வெளியேறினார்.

நித்தியா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வசிக்கும் செம்பனை மர எஸ்டேட்டில் கண்மணியின் முடியைப் போல யாருக்கும் கிடையாது. தோளில் சுருள் சுருளாக விழும். அவளுடைய தம்பி அகிலன் அதில் ஒரு சுருளை இழுத்துவிட்டு, “டொய்ங்!” என்பான். அது துள்ளித் திரும்பினால் சிரிப்பான். அவனுக்கு நான்கு வயது.

போன மாதம் அகிலன் காய்ச்சலில் இறந்துபோனான். அடக்கத்துக்கு எல்லாரும் போயிருந்தார்கள். கண்மணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை.

நித்தியா சைக்கிளை எடுத்தாள்.

கண்மணியின் வீடு எஸ்டேட் வீட்டு வரிசையில் கடைசி. அப்பா லோரி ஓட்டப் போயிருந்தார். அம்மா தனேஸ்வரி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் நித்தியாவைப் பார்த்து, அறையைக் கையால் காட்டினார்.

கண்மணி கட்டிலில் இருந்தாள். தலையில் அதே துண்டு.

“ஏன்டி வெளிய போன?”

“நீதான எடுத்துடுவேன்னு சொன்ன.”

“உன்னச் சொல்லலடி!”

கண்மணி துண்டை இழுத்தாள். உள்ளே சுருள் எதுவும் இல்லை. ஒட்ட வழித்த தலையில் முடி அப்போதுதான் குத்திட்டு முளைத்துக்கொண்டிருந்தது.

“அகிலன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப அம்மா வேண்டிக்கிட்டாங்க. அவன் நல்லாயிட்டா என் முடி முழுசும் தரேன்னு. அவன் வீட்டுக்கு வந்தான்ல? அன்னிக்கே போய் மொட்டை போட்டோம்.”

“அப்புறம்?”

“மறுபடியும் காய்ச்சல் வந்துச்சு.”

கண்மணி தன் பென்சில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே நூலால் கட்டிய ஒரே ஒரு சுருள்.

“அவன் இழுக்கிற முடி இது. கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி இத மட்டும் வெட்டி ஒளிச்சு வச்சுட்டேன். முழுசும் தரேன்னு அம்மா சொன்னாங்க. நான் முழுசும் தரல. அதனாலதான் அவன்...”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

கண்மணி தலையை ஆட்டினாள். தெரியாது.

‘அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்ல நித்தியாவுக்கு வாய்வரை வந்தது. அடக்கத்தன்று பெரியவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது யாருக்கும் உதவவில்லை. அவள் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைத் திறந்தாள்.

“இது யாரு சொல்லு.”

“பவனேஷ். ஐயோ, காதுக்குப் பின்னால என்னடி அது?”

“வெட்டாம விட்டது. அவங்க அப்பா மேல செம்பனைக் குலை விழுந்து கால் ஒடிஞ்சதுல்ல? அதுக்குப் போட்ட மொட்டை. இவ்வளவு மிச்சம் இருந்துச்சு. உன்னுதவிட பெரிசு. அவங்க அம்மா வீட்டுக்கு வந்துதான் பாத்தாங்க. கத்திரிக்கோலால வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்க.”

“அப்புறம்? அவங்க அப்பாவுக்கு?”

“என்ன ஆச்சு? நேத்து ஃபுட்சால் பந்து விளையாட்டுல எங்கண்ணன் கால மிதிச்சுட்டாரு. அண்ணன்தான் இப்ப நொண்டுறான்.”

கண்மணி படத்தைப் பெரிதாக்கினாள். அந்த ஒரு பிடி முடியை வெகு நேரம் பார்த்தாள்.

“அப்ப அகிலன் மட்டும் ஏன்டி?”

“எனக்குத் தெரியல,” என்றாள் நித்தியா. “ஆனா முடியால இல்ல.”

கண்மணி அழுதாள். அழாதே என்று நித்தியா சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அறை வாசலில் தனேஸ்வரி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் பென்சில் பெட்டியிலிருந்து சுருளை எடுத்தார். நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். அது துள்ளித் திரும்பியது. அவர் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

பிறகு மகளின் மொட்டைத் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

“உன் மேல ஒண்ணும் இல்லம்மா. நீ தப்பே செய்யல,” என்றார். “இது அவனோடது. அவன்கிட்டயே வச்சிட்டு வருவோம், வா.”

அவர் சாவியைத் தேடப் போனார். அந்த மாதம் முழுவதும் அவர் வெளியே போகவில்லை. சாவி எங்கே என்று அவருக்கே நினைவில்லை.

“உன்ன எந்தக் குரூப்ல போடுறது?” என்று கேட்டாள் நித்தியா.

“எனக்குத்தான் முடியே இல்லையே.”

“முளைக்குது. என்ன வகைன்னு இன்னும் தெரியல, அவ்வளவுதான்.”

அவள் நான்காவதாக ஒரு குழுவைத் தொடங்கி, மற்றவர்களுக்கும் அறிவித்தாள். பெயர் ‘முளைக்கிறது’. உறுப்பினர் ஒருவர்.

சற்று நேரத்தில் பட்டுச்சேலை ஆன்ட்டியிடமிருந்து செய்தி வந்தது. “நானும் அதுல வரலாமா? நான் பழைய மொட்டை.”

கண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வரட்டும், பாவம்,” என்றாள்.

சாவி அகிலனின் பொம்மை லோரிக்குள் கிடந்தது. தனேஸ்வரி அதை எடுத்துக்கொண்டு, லோரியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

“வெயில் அடிக்குது. துண்டு போட்டுக்கிறியா?”

“வேணாம்மா.”

சிறுமிகள் இருவரும் முதலில் இறங்கினார்கள். நித்தியா சைக்கிளைத் தள்ளினாள். கண்மணி இரண்டு கைகளாலும் பென்சில் பெட்டியைப் பிடித்திருந்தாள்.

தனேஸ்வரி கடைசியாக வெளியே வந்தார். கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.