குண்டூசி வரைந்த வெளிச்சம்

"வெளிச்சம் எங்கேருந்து வருது?"

ஓவிய டீச்சருக்கு எப்போதும் இதே கேள்விதான். ஆப்பிளோ, அண்டாவோ, ஆட்டுக்குட்டியோ, எதை வரைந்து நீட்டினாலும் முதலில் இதைத்தான் கேட்பார். பதில் தெரியாவிட்டால் படம் அப்படியே திரும்பி வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. வீட்டில் ஒருவரை வெளிச்சமும் நிழலுமாக வரைந்து வர வேண்டும். வீட்டார் எல்லோரும் வந்து பார்க்கலாம்.

குண்டூசி அப்பாவைத்தான் வரையப்போகிறாள். அந்தப் பெயரை வைத்ததும் அப்பாதான். தையல்காரர் மகள், ஆள் ஒல்லி, வாயோ கூர்மை. வேறென்ன பெயர் பொருந்தும்?

ஆனால் அப்பா கண்காட்சிக்கு வர மாட்டார். போன வருடம் பள்ளி விழாவில் காற்றடித்து அவர் தொப்பி பறந்துவிட்டது. வழுக்கைத் தலையைப் பார்த்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் பள்ளிப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

"அம்மா வருவாங்க. எனக்குக் கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு," என்று சொல்லிவிட்டார்.

குண்டூசிக்கு மனசே ஆறவில்லை. அவளுக்கு அப்பா வர வேண்டும்.

அப்பா தொப்பியைக் கழற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான், தையல் மெஷின் முன்னால். மெஷின் விளக்கு பட்டுத் தலை பளபளவென்று மின்னும். குண்டூசிக்கு அந்த மினுமினுப்பு ரொம்பப் பிடிக்கும். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், தொப்பி சட்டென்று தலையில் ஏறிவிடும்.

புதன்கிழமை பென்சிலை எடுத்தாள். அழுத்தினால் நிழல், தொட்டும் தொடாமலும் தீட்டினால் வெளிச்சம். குண்டூசி தீட்டினாள், தீட்டினாள், தலை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவர ரப்பரால் அழித்தாள். தாள் கிழிந்தது.

"அப்பா மண்டையிலயே ஓட்டை போட்டுட்டியேடி!" என்றாள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்கா.

வியாழக்கிழமை வாட்டர் கலர். இதில் வெளிச்சம் விழும் இடத்தில் தூரிகையே படக்கூடாது, வெறும் தாளாக விட்டுவிட வேண்டும். அவசரத்தில் குண்டூசி மறந்துபோய் முழுத் தலைக்கும் வண்ணம் பூசிவிட்டாள். அதன்மேல் வெள்ளையில் ஒரு சொட்டு வைத்தாள்.

"காக்கா எச்சம் போட்ட மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்கப்பா! நாளைக்குக் குடுக்கணும்." குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி சரி, அழாதே. இந்தக் கோட்டுத் துணியை வெட்டிட்டு வந்துடறேன்." அப்பா மேஜையில் கறுப்புத் துணியை விரித்தார். துணியில் குறி போடும் சாக்பீஸால் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார். கறுப்பில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

குண்டூசியின் அழுகை நின்றது. அட! கறுப்புத் துணியில்தான் நிழல் ஏற்கெனவே இருக்கிறதே! வரைய வேண்டியது வெளிச்சத்தை மட்டும்தானே!

"அப்பா, ஒரு கறுப்புத் துண்டு குடுங்க. அந்த சாக்பீஸும். நீங்க மெஷின்ல உக்காருங்க, தொப்பி கூடாது."

"யாராவது வந்துட்டா?"

"அக்கா, வாசல்ல நின்னுக்கோ. யார் வந்தாலும் பேச்சுக் குடு."

"எனக்குப் பேசவா சொல்லித் தரணும்?" என்று அக்கா ஓடினாள்.

குண்டூசி தலைக்கு ஒரு வளைவு போட்டு, அதன் ஓரத்தை விரலால் மெல்லத் தேய்த்தாள். வெள்ளை மங்கி மங்கிக் கறுப்போடு கலந்தது. பிறகு மூக்கு நுனி, ஒரு கன்னம், துணியைப் பிடித்த விரல்கள். அவ்வளவுதான். துணிக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்!

அவள் படத்தை அப்பாவிடம் நீட்டினாள். "அப்பா, இது உங்க தலை. நீங்க வேண்டாம்னா கொண்டுபோக மாட்டேன். அக்காவை வரைஞ்சுக்கறேன்."

அப்பா வெகுநேரம் பார்த்தார். கை தானாகத் தலையைத் தடவியது.

"இவ்வளவு அழகாவா இருக்கு?"

"தொப்பி போட்டிருந்தா எனக்கு வரையறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காதுப்பா."

அப்பா ஊசியில் நூல் கோத்தார். படம் கசங்காமலிருக்க அதை ஓர் அட்டையில் வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்புச் சுவரில் அத்தனை படங்களுக்கு நடுவே அந்தக் கறுப்புத் துணி தொங்கியது. டீச்சர் அதன் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ம்ம்... வெளிச்சம் எங்கேருந்து வருது?"

குண்டூசி வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் அம்மா தெரிந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி. ஜன்னல் வெயில் அவர் தலையில் பளீரென்று விழுந்தது.

"அதோ வந்துட்டிருக்கு, டீச்சர்!" என்றாள் குண்டூசி.