டயர்ச் செருப்பு போட்ட வேற்றுக்கிரகவாசி

சனிக்கிழமைச் சந்தையில் முதலில் ஓட்டம் பிடித்தவர் கசாப்புக் கடைக்காரர்தான். ஊரிலேயே பெரிய உடம்பு அவருக்கு. "பேய்! பேய்!" என்று கத்திக்கொண்டு அவர் ஓடிய வேகத்தில் இரண்டு தக்காளிக் கூடைகள் உருண்டன. அவரே ஓடினால் மற்றவர்கள் நிற்பார்களா?

பத்து வயது அபோண்டி, அம்மாவின் கடையில் ஒமேனா கருவாட்டை டப்பாவால் அளந்து கொட்டிக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

மக்காச்சோளக் காட்டுக்குள்ளிருந்து அது வந்துகொண்டிருந்தது.

கதவு உயரம். உடம்பெல்லாம் வெள்ளி நிறம். பூசணிக்காய் மாதிரி பச்சைத் தலை. நெற்றி நடுவே ஒரே ஒரு கண், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. கைக்கு மூன்று விரல்கள். வாய் இருந்தது, ஆனால் அது திறக்கவில்லை. "ம்ம்ம்... ம்ம்ம்ம்..." என்று மட்டும் சத்தம் வந்தது.

"வானத்துலேர்ந்து விழுந்திருக்கு!" என்றாள் ஓர் அம்மா.

"நேத்து என் மாட்டுக்கு வயிறு உப்பினப்பவே நெனச்சேன்!" என்றார் ஒரு தாத்தா.

வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒடேரா ஒரு கல்லைக் கையில் எடுத்தான். "டேய்! இன்னும் ஓரடி வச்சே, மண்டை ஒடஞ்சிரும்!" சொல்லிக்கொண்டே அவன்தான் ஓரடி பின்னால் வைத்தான்.

எல்லாரும் அந்தப் பெரிய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அபோண்டி அதன் காலைப் பார்த்தாள்.

"ஒடேரா அண்ணா, கல்லக் கீழ போடுங்க. அதோட காலப் பாருங்க."

"ஏன், எத்தனை இருக்கு?"

"ரெண்டுதான். செருப்பப் பாருங்க!"

பழைய டயரை வெட்டித் தைத்த செருப்பு. ஒடேரா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டான். அதே செருப்பு.

"வேற கிரகத்துலயும் நம்ம டயர்ச் செருப்பு கெடைக்குதா என்ன?" என்று கேட்டபடியே அபோண்டி நடந்தாள்.

"அபோண்டி! கிட்ட போகாதடி!" என்று அம்மா கத்தினாள்.

"போயிட்டேம்மா!"

அருகில் போய் அண்ணாந்து பார்த்தாள். "நீங்க மனுஷங்கதானே?"

"ம்ம்ம்!" பச்சைத் தலை வேகமாக ஆடியது. சத்தம் கீழே தொடங்கி மேலே ஏறியது.

"அப்ப தலையக் கழட்டுங்களேன்."

"ம்ம்ம்..." இந்த முறை சத்தம் மேலிருந்து கீழே இறங்கியது.

"கழட்ட முடியலையா? ஒட்டிட்டாங்களா?"

"ம்ம்ம்!" மறுபடியும் ஏறியது.

அபோண்டிக்குப் பிடிபட்டுவிட்டது. ஏறினால் ஆமாம், இறங்கினால் இல்லை.

"இவ்வளவுதானா? நான் கழட்டுறேன்" என்று ஒடேரா வந்து தலையைப் பிடித்து ஓர் இழு இழுத்தான். உள்ளேயிருந்து கிளம்பிய "ம்ம்ம்ம்ம்!" கேட்டு, தூரத்தில் நின்ற கசாப்புக் கடைக்காரர் இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார்.

"விடுங்கண்ணா! முடியெல்லாம் பசையில மாட்டியிருக்கும். தாடையும் அசைய முடியாம இறுகியிருக்கு போல, அதான் பேச்சு வரல."

உச்சி வெயில். அந்த உருவம் தள்ளாடியது. பிறகு, மடக்குக் குடையைப் போல மடங்கித் தரையில் உட்கார்ந்தது.

அபோண்டி அதன் முகவாய்க்கு அடியில் பார்த்தாள். மூச்சு விடுவதற்கு விரல் நுழையும் அளவு ஓர் ஓட்டை இருந்தது. அவள் ஓடிப்போய்ப் பப்பாளி மரத்தில் ஓர் இலையைப் பறித்தாள். இலையைக் கிள்ளிப் போட்டு, நீளமான தண்டில் வடிந்த பாலை நன்றாகக் கழுவினாள். தண்டு உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருந்தது. ஒரு முனையை ஓட்டைக்குள் விட்டாள். மறுமுனையைத் தண்ணீர்ச் சொம்பில் வைத்தாள்.

கடகடவென்று தண்ணீர் குறைந்தது. ஒரு சொம்பு. இரண்டு சொம்பு. ஒவ்வொரு சொம்புக்கும் கூட்டம் ஓரடி முன்னால் வந்தது. மூன்றாவது சொம்பு காலியானபோது கசாப்புக் கடைக்காரர் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

"மனுஷன்தான்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றார்.

அபோண்டி அதன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். "எங்கேர்ந்து வந்தீங்க? ஏரிக்கரையா?"

சத்தம் இறங்கியது.

"பஸ் நிலையமா?"

இறங்கியது.

"எடத்துப் பேராவது தெரியுமா?"

இன்னும் இறங்கியது.

"பேர் தெரியாத எடத்துக்கு நான் எப்படி வண்டி ஓட்டுறது?" என்று ஒடேரா தலையைச் சொறிந்தான்.

அந்த உருவம் சற்று யோசித்தது. பிறகு ஒரு பாட்டை முனக ஆரம்பித்தது. துள்ளித் துள்ளிப் போய், நடுவில் ஒரே ஒரு முறை ஏங்கி நிற்கிற பாட்டு.

அபோண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பாட்டு தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன் நைரோபியிலிருந்து சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். வானத்திலிருந்து தவறி விழுந்துவிட்ட ஒருவரோடு ஒரு சிறுமி நட்பாகும் கதையாம். படம் முழுக்கப் பாட்டாம். சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் இந்தப் பாட்டைச் சேர்ந்து பாடச் சொன்னார்கள். "உன் குரல் மட்டும் தனியாத் தெரியுதும்மா" என்று அபோண்டியை அனுப்பிவிட்டார்கள். பாறைமலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கிடைத்தது. அன்றிலிருந்து அபோண்டி அந்தப் பாட்டை முணுமுணுக்கக்கூட இல்லை.

இப்போதும் தெரியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிரே அந்தப் பெரிய கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நிஜக் கண்கள் இரண்டு இருக்குமே!

அபோண்டி எழுந்தாள். "பாறைமலைப் பள்ளிக்கூடம்! அங்கதான் படம் எடுக்கறாங்க. சரியா?"

"ம்ம்ம்ம்ம்!" சத்தம் ஏறிய உயரத்தைக் கேட்டு, சந்தைக் கழுதை ஒன்று பதில் குரல் கொடுத்தது.

"ஒடேரா, பொண்ணு பத்திரம்" என்றாள் அம்மா.

ஒடேரா முன்னால். அபோண்டி நடுவில். வேற்றுக்கிரகவாசி பின்னால். மோட்டார் சைக்கிள் கிளம்பியது.

முதல் திருப்பத்திலேயே இரண்டு பெண்கள் தலைச் சுமையைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தார்கள். அடுத்த திருப்பத்தில் மாடு மேய்க்கும் நான்கு பேர் தடியோடு வழியை மறித்தார்கள்.

"அடிச்சு நொறுக்கப்போறாங்க அபோண்டி! திரும்பிடலாமா?"

"வேணாம்ணா. மெதுவாப் போங்க."

பாடிக்கொண்டு வருகிறவர்களை யார் அடிப்பார்கள்? அபோண்டி மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு அந்தப் பாட்டை எடுத்தாள். வண்டிச் சத்தத்தையும் மீறி அவள் குரல் முன்னால் போயிற்று. பின்னாலிருந்து "ம்ம்ம்" என்று இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. உயர்ந்த தடிகள் இறங்கின. "சினிமாடா!" என்றான் ஒருவன். நான்கு பேரும் கை தட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். மலையடிவாரம் சேர்வதற்குள் பின்னால் ஓர் ஊர்வலமே வந்தது.

பள்ளிக்கூட வாசலில் இயக்குநர் முரித்தி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பச்சைத் தலையைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

"மக்கேனா! எங்க போயிட்டே? அந்த வேன்ல இருக்கேன்னு இவங்க நெனச்சாங்க, இந்த வேன்ல இருக்கேன்னு அவங்க நெனச்சாங்க!"

ஒப்பனைக்காரர் கழுத்தைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பசையை இளக்கினார். பளக்கென்று தலை கழன்றது. உள்ளே வேர்வையில் நனைந்த சடைகளோடு ஓர் இளம்பெண் சிரித்தாள்.

"அக்காவா!" ஒடேரா வாயைப் பொத்திக்கொண்டான். "டேய்னு வேற கூப்பிட்டுட்டேனே!"

"பரவால்ல தம்பி, கல்ல எறியாம இருந்தியே" என்றாள் மக்கேனா. "அவசரமா சோளக்காட்டுக்குள்ள ஒதுங்கினேன். ரெண்டே நிமிஷம். திரும்பி வந்தா வேனையும் காணோம், ஒருத்தரையும் காணோம். நேத்து ராத்திரி தூங்கிக்கிட்டே வந்ததுல எடத்துப் பேரும் தெரியல." பிறகு அபோண்டியைக் கட்டிக்கொண்டாள். "பப்பாளித் தண்ட உள்ள விட்டுத் தண்ணி குடுத்தா. இவ மட்டும் இல்லன்னா நான் அவ்வளவுதான்."

முரித்தி அபோண்டிக்குக் கை கொடுத்துவிட்டு அவசரமாகத் தாளைப் புரட்டினார். "வெயில் சாயறதுக்குள்ள அந்தச் சந்திப்புக் காட்சிய எடுத்துடணும். பொண்ணு வேற்றுக்கிரகவாசியப் பாக்குறா. அலறிக்கிட்டு ஓடுறா. மூணு நாள் மறைஞ்சிருந்து பாக்குறா. அப்புறம்தான் பக்கத்துல வர்றா."

"மூணு நாளா?" என்றாள் அபோண்டி. "அதுவரைக்கும் அது தண்ணி குடிக்காம இருக்குமா?"

முரித்தி அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தார்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவே?" என்று மக்கேனா கேட்டாள்.

"கிட்டப் போவேன். தண்ணி குடுப்பேன். பயமெல்லாம் அப்புறமாப் பட்டுக்கலாம்."

படத்தில் சிறுமியாக நடிக்கும் பெண் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நானும் காலையிலேர்ந்து அதத்தான் கேக்குறேன். ஓடி ஓடிக் காலே போச்சு" என்றாள்.

முரித்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தின் குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டார்.

"எல்லாரும் கேளுங்க! ஓடுற காட்சி கெடையாது. பொண்ணு நேரா கிட்டப் போறா. யாராவது ஒரு பப்பாளித் தண்டு கொண்டு வாங்க!"

நைரோபிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அபோண்டி அதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற பப்பாளி மரத்தடியில் இருந்தாள்.