கதவில் வெட்டிய துளை

கதவின் அடியில் வெட்டியிருந்த துளை வழியாக வெதுவெதுப்பான காற்று வந்தது. வெளியே இங்கிலாந்தின் எசெக்ஸ் சதுப்பு நிலமெங்கும் பனி உறைந்து கிடந்த ஜனவரி மாதம். தாமசின் என்பவள் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். காற்று நின்றது, மறுபடி வந்தது, மறுபடி நின்றது. யாரோ மூச்சு விடுவது போல இருக்கிறது என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தச்சன் காலையில்தான் அந்தத் துளையை வெட்டினான். சூனியக்காரி வளர்க்கும் குட்டிப்பிசாசு அவளிடம் பால் குடிக்க வர வழி வேண்டாமா? அறை நடுவே கிழவி ஆவிஸை முக்காலியில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அவளைத் தூங்க விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிசாசு வந்து யார் மேல் ஏறுகிறதோ அவள்தான் சூனியக்காரி, அவளுக்குத் தூக்கு. காவலுக்குப் பக்கத்து வீட்டு ஊர்சுலாவும், தானே வலியக் கேட்டு வந்த தாமசினும்.

போன வாரம் தாமசினின் குழந்தை காலையில் விறைத்துக் கிடந்தது. முந்தைய நாள்தான் ஆவிஸ் மோர் கேட்டு வந்து, இல்லையென்றதும் முணுமுணுத்துக்கொண்டே போயிருந்தாள். வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. தாமசினுக்கோ அது வம்பில்லை, உயிர்ப் பிரச்சினை. கிழவி கொல்லவில்லையென்றால் வேறு யார்? அன்றிரவு குழந்தையை அணைத்தபடி அடித்துப் போட்டாற்போல் தூங்கியது தாமசின் மட்டும்தான்.

"ஏ கிழவி, கண்ண மூடாதே!" ஊர்சுலா கோலால் குத்தினாள். "உன் செல்லப்பிள்ளை வர்ற நேரம், வாசலப் பாரு."

"வரட்டும். உனக்கே கட்டி வைக்கிறேன், புருஷனா வச்சுக்கோ." ஆவிஸின் உதடு வெடித்திருந்தும் வாய் குறையவில்லை. பிறகு தாமசின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கே. பால் இன்னும் வத்தலையா?"

"நீ பேசாதே!"

தாமசின் போர்வையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புளித்த பால் வாடை, ஈர வைக்கோல் வாடை, அவற்றுக்கு அடியில் நனைந்த ரோமம் போல இன்னொரு வாடை. மரத்தில் ஏதோ உரசியது. எலியாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டாள். எலிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

துளை இருண்டது.

உள்ளே வந்துவிட்டது.

"கர்த்தரே!" என்றாள் ஊர்சுலா.

பூனையளவு இருக்கும். முகம் தெரியவில்லை. தரையில் வயிறு உரச ஊர்ந்தது. ஆவிஸின் காலடிக்குப் போனது. நின்றது. முகர்ந்தது. ஏறு, என்று மனதுக்குள் கெஞ்சினாள் தாமசின். அவள் மேல் ஏறு. கர்த்தரே, அதை ஏற வையும்.

அது திரும்பியது.

"நான் கூப்பிடலடி," என்றாள் ஆவிஸ்.

தாமசினால் எழ முடியவில்லை. பாவாடை கனத்தது. முழங்கால். மடி. போர்வைக்குள் வெதுவெதுப்பு.

"அக்கா, அதத் தள்ளு. அக்கா!"

ஊர்சுலா அசையவில்லை. பிறகு, மெதுவாக, தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஆவிஸின் பக்கத்தில் போட்டாள். தாமசினைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

சட்டை முடிச்சைச் சின்னஞ்சிறு விரல்கள் பற்றின. பால் சுரந்தது. தாமசினின் கை, அவளைக் கேட்காமலே, அதன் தலைக்கு அடியில் போய்த் தாங்கிக்கொண்டது.