சுலோச்சனாவுக்கு வைத்த கண்

மானாம்பதி பக்கத்தில் இருக்கும் அரவிந்தன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாஷ்டா நேரம் தாண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்குள் உத்திரமேரூர் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வண்டியை எடுத்தேன். பையில் ஸ்க்ரூடிரைவர், தூசி தட்டும் பிரஷ், கடையில் சும்மா கிடந்த ஒரு கிராபிக்ஸ் கார்டு, ஒரு தொப்பி. வேறொன்றும் கொண்டுபோகவில்லை.

பஜார் தெருவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் காசிம். கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் நம் ஜனங்களுக்கு அது வைரஸ்தான். கரண்ட் போனால்கூட வைரஸ் என்று போன் பண்ணுவார்கள். அரவிந்தன் அந்த ரகம் இல்லை. வீட்டில் உட்கார்ந்தே ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிறவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்துக்கு அவன் கைவேலைதான். போனிலேயே விவரமாகச் சொல்லியிருந்தான்.

"டிஸ்ப்ளே டிரைவர் கிராஷ் ஆவுது பாய். ஸ்கிரீன் கறுப்பா பூடுது. அப்பால தானா வருது. வர வர அந்தக் கறுப்பு ஜாஸ்தி நேரம் நிக்குது."

திரையில் படம் காட்டுவது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கிற மென்பொருள்தான் டிரைவர். அது மயங்கி விழுந்தால் திரை இருண்டுவிடும், எழுந்தால் திரும்பிவிடும். நான் வாரம் தவறாமல் பார்க்கிற வியாதி.

முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது. உள்ளறையில் அவன் மனைவி இளமதி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள், டம்ளரை மேசையில் வைக்கும் முன் விளிம்பை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் உள்ளே போனதும் அரவிந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"இளமதிக்குக் கண்ணு திடீர் திடீர்னு தெரியாம பூடுது பாய். காஞ்சிபுரத்துல காட்டியாச்சி. கண்ணு நல்லாத்தான் கீதுன்றாங்க. போன வாரம் தைக்கச்சொல்ல ஊசி வெரல்ல எறங்கிடிச்சி. மெட்ராஸ் போய்ப் பாருங்கன்றாங்க. எனக்கு ஒண்ணுமே ஓடல."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. ரொம்ப நாள் தூங்காதவர்களுக்கு அப்படி ஆகிவிடும். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் நான் வந்த வேலை கண் இல்லை, கார்டு.

"எப்பப்ப கிராஷ் ஆவுது?"

"எல்லாத்துலயும் இல்ல. இந்த ஒரு ஃபைல்லதான்."

திறந்தான். ஐம்பது தாண்டிய ஒரு அம்மாளின் முகம். நெற்றியில் பெரிய குங்குமம், பின்னால் நீல வானமும் மேகமும். செத்தவர்களுக்கு வழக்கமாக வைக்கிற வானம்தான். கண்கள் மட்டும் ரொம்ப நன்றாக இருந்தன. அந்தக் கன்னத்துக்கும் அந்த உதட்டுக்கும் சம்பந்தமில்லாமல், இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்த மாதிரி ஒரு பார்வை.

திரை இருண்டது.

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

கொஞ்ச நேரத்தில் படம் திரும்பி வந்தது. மெஷினும் ஓட ஆரம்பித்தது. அதை நான் அப்போது மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

வேலையை ஆரம்பித்தேன். டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். கிராஷ் ஆனது. பெட்டியைக் கழற்றித் தூசியெல்லாம் தட்டி, கார்டைப் பிடுங்கித் துடைத்து மாட்டினேன். கிராஷ் ஆனது. என் பையிலிருந்த கார்டைப் போட்டேன். அப்போதும் ஆனது. கடைசியில் கார்டே வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கிற துவாரத்தில் மானிட்டர் வயரைச் சொருகினேன். இப்போது கார்டும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. மயங்கி விழ அங்கே ஆளே இல்லை.

அந்த முகத்தைத் திறந்தேன்.

திரை இருண்டது. மெஷின் நின்றது.

இந்த முறை கேட்டுவிட்டது. படம் வந்ததும் அந்த ஃபைலை மூடி, ஒரு காதுகுத்து பேனரைத் திறந்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கல்யாண பேனர். ஓடியது. மறுபடி அந்த முகம். நின்றது. வேண்டுமென்றே இன்னொரு தரம் செய்து பார்த்தேன்.

திரை கறுப்பாக இருக்கும்போதே எழுந்து உள்ளறை வாசலுக்குப் போனேன். இளமதி கையைத் துணியிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"கண்ணு தெரியலையாம்மா?"

"தெரியுது பாய்."

"இன்னா தெரியுது?"

அவள் குரலே இல்லாமல் சொன்னாள்.

"ஒரு ரூமு."

எனக்குப் பின்னால் அரவிந்தன் வந்து நின்றான். அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"டாக்டராண்ட இருட்டுன்னு சொன்னேன். வேற இன்னான்னு சொல்றது. பச்சை செவுரு. இரும்புக் கட்டிலு. முத்துவேல் மாமா தரையில ஒக்காந்து சாப்ட்டுக்கினு கீறாரு. அப்பப்ப நிமிந்து என்னப் பாக்கறாரு. நான் ஒசரத்துல கீறேன் பாய்."

திரை திரும்பியிருக்க வேண்டும். அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, என்னைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். அரவிந்தன் அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனாகவே சொன்னான்.

முத்துவேல் பின்தெருவில் இருக்கிறவர். அந்தப் படத்தில் இருப்பது அவர் மனைவி சுலோச்சனா. நல்ல போட்டோ ஒன்றுகூட இல்லாமல் செத்துப்போய்விட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, செல்போனில் எடுத்த படம்தான் இருந்தது. கண் மூடியிருந்தது. அந்த மாதிரிப் படத்துக்குக் கண் திறந்து கொடுப்பது டிசைன்காரர்களுக்குச் சாதாரண வேலை. பிள்ளையோ, அக்கா தங்கையோ, ரத்த சொந்தத்தில் யாருடைய கண்ணையாவது எடுத்து ஒட்டுவார்கள். சாயல் ஒத்துப்போகும் என்று அப்படி ஒரு வழக்கம். சுலோச்சனாவுக்குப் பிள்ளையும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மறுநாள் காரியம். முத்துவேல் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"இளமதிய இட்டாந்து ஜன்னலாண்ட நிக்க வெச்சி ஒரு போட்டோ எடுத்தேன் பாய். கச்சிதமா பொருந்திச்சி. ஃபிரேம் போட்டுக் குடுத்துட்டேன். நம்ப வூட்டுப் பொண்ணுதானே, இதுல இன்னா கீதுன்னு நெனச்சிட்டேன். இப்ப பெருசா ஒண்ணு போட்டுக் குடுன்னு கேட்டாரு. அதுக்குத்தான் தெனம் தொறந்துக்கினு கீறேன்."

உயிரோடு இருக்கிறவளின் கண்ணை எடுத்துச் செத்தவளுக்கு வைத்திருக்கிறான். அவசரத்தில் செய்தது.

"கம்ப்யூட்டரத் தொடாத. நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன்.

முத்துவேல் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஊதுபத்தி வாசனையும் வாடின சாமந்தி வாசனையும் கலந்து ஒரு கனத்த காற்று. வெளியே அத்தனை வெயில், உள்ளே ஒரே மங்கல். பச்சைச் சுவர். இரும்புக் கட்டில். சுவரில் உயரத்தில் சுலோச்சனாவின் படம். கீழே சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பெரியவர் என்னை ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. "வா பாய், ஒக்காரு" என்றார்.

"வீட்டம்மா படம் நல்லா வந்துகீது நைனா."

"நல்லா வந்துகீது. எப்பவும் பாக்க மாட்டா. சில சமயம்தான் பாப்பா. அப்பால பூடுவா. வர்றப்ப எனக்குத் தெரிஞ்சிடும்." அவர் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "முன்னெல்லாம் வந்த ஒடனே பூடுவா. இப்ப கொஞ்ச நேரம் இருக்கறா. நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே. அவ போவாம இருக்கற மாதிரி எதுனா பண்ண முடியுமா பாய்?"

பயம் வர வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. படத்தை நிமிர்ந்து பார்த்தேன். காகிதம். மை. கண்ணாடி. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. அரவிந்தன். குரலில் சந்தோஷம்.

"பாய், அந்த ஃபைல அழிச்சிட்டேன். காபி கீபி எல்லாத்தையும் தேடி எடுத்துட்டேன். கம்ப்யூட்டர் இப்ப சூப்பரா கீது. இனிமே கிராஷே ஆவாது."

"அவ வந்துட்டா" என்றார் முத்துவேல்.

அவர் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அது என்னைப் பார்த்தது.

"அரவிந்து, போன இளமதியாண்ட குடு."

போனில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டது. நான் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன்.

"தொப்பி போட்டுக்கினீங்க" என்றாள் இளமதி.

கழற்றினேன்.

"கழட்டிட்டீங்க."

அவள் குரலில் அழுகை இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். காத்திருந்தேன். திரை திரும்பும்போது அவளும் திரும்புவாள், இதுவரை அப்படித்தானே நடந்தது. கையில் போனைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். பள்ளிவாசலில் தொழுகை முடிந்திருக்கும். திரும்பி வருவதற்கு இனிமேல் கம்ப்யூட்டரில் அந்தப் படம் எங்கே இருக்கிறது என்று யோசித்தபோதுதான் புரிந்தது. இருண்ட திரையில் அந்த முகம் திரும்பி வந்தால்தானே அவள் கண்ணும் திரும்பும். அந்த ஃபைலே இல்லை.

"பாய், இன்னும் உங்களத்தான் பாத்துக்கினு கீறேன்."

"இப்ப போவல பாய்" என்றார் முத்துவேல், என் தோளைத் தொட்டு. "நீ இன்னாவோ பண்ணிட்ட. நல்லாரு."

அரவிந்தன் வீட்டுக்கு ஓடிப்போய் அழித்ததை மீட்டெடுக்கப் பார்த்தேன். அதற்கென்று இருக்கிற மென்பொருள் எல்லாம் ஓட்டினேன். ஃபைல் பெயர் கிடைத்தது. திறந்தால் வெறும் சாம்பல் நிறம். பக்கத்தில் இளமதி உட்கார்ந்திருந்தாள், முகம் என் பக்கம். "மாமா சோறு போட்டுக்கினு கீறாரு" என்றாள். அரவிந்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடந்ததைச் சொல்லிப் படத்தைக் கேட்டபோது முத்துவேல் தர மறுத்துவிட்டார். சில நாள் கழித்து அவராகவே அதை வேட்டியில் சுற்றி எடுத்துவந்து, "இது அவ பார்வ இல்ல" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது படம் அரவிந்தன் வீட்டில் இருக்கிறது, தையல் மெஷினுக்கு நேர் எதிரே. மாலையைக் கழற்றிவிட்டார்கள். கண்ணாடிமேல் இருந்த குங்குமம் மறைக்கிறது என்று துடைத்துவிட்டார்கள். தன் கையைத் தானே எதிரிலிருந்து பார்த்துக்கொண்டு இளமதி தைக்கிறாள். ஆரம்பத்தில் இடமும் வலமும் குழம்பியது, இப்போது பழகிவிட்டது என்கிறாள். வெளியே போக வேண்டுமானால் அரவிந்தன் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு கூட வருகிறான். ஊர் அதற்கும் பழகிவிட்டது.

போன வாரம் கீபோர்டு மாற்றிக்கொடுக்கப் போயிருந்தேன். முத்துவேல் அங்கே இருந்தார். தினமும் வருகிறாராம். படத்தைப் பார்த்து உட்காரவில்லை. இளமதிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். இளமதியின் கைகள் துணியிலேயே இருந்தன. முகம் திரும்பவில்லை. அந்த முகத்தில் இருந்த கண்கள் மட்டும் மெதுவாக நகர்ந்து, அவரோடு வாசல் வரைக்கும் போயின. ஒரு சொட்டு தைத்துக்கொண்டிருந்த துணியில் விழுந்தது.

"அழாதம்மா" என்றேன்.

இளமதி மெஷினை நிறுத்தினாள். புறங்கையால் கன்னத்தைத் துடைத்து, ஈரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவருக்குக் கேட்கக் கூடாது என்று ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"நான் அழல பாய். அவரு எழுந்தாலே இது வந்துடுது."