பிள்ளைக்காம்பராவில் ஏழு தொட்டில்கள்

"கையெழுத்துப் போட ஒங்களுக்கு மனசு வரல, அப்படித்தானே அண்ணி?"

விடிந்தும் விடியாமலும் பிரதாப் குரலை உயர்த்திவிட்டான். நாகலெட்சுமி தேத்தண்ணியை அவன் முன்னால் வைத்தாள். எட்டு வயதில் தாயை இழந்து நின்ற கணவனின் தம்பியை, தேயிலைத் தோட்டத்தில் மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்துப் படிக்க வைத்தவள் அவள்தான். இன்று அவன் அட்டனில் காணி விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அந்த வேலையையும் விட்டுவிட்டு, அவளுடைய அப்பா பக்கத்து வட்டகொடையில் விட்டுப்போன பத்துப் பேர்ச் காணியில் எட்டு வாடகை அறைகள் கட்டப் போகிறானாம்! காணியை அவன் பேருக்கு மாற்றத்தான் அவளுடைய கையெழுத்து.

"அஞ்சு வருசத்துல இங்க எரநூறு குடும்பம் கூடும் அண்ணி. வாக்காளர் பேரு இடாப்பப் பாத்து, தீபாவளிக்கு வீடு வீடா ஏறி எண்ணித்தான் கணக்குப் போட்டேன். அத்தனை பேருக்கும் தங்க எடம் வேணாமா?"

"வேணாம் தம்பி... கட்டுனா சும்மாதான் கெடக்கும்."

"ஒங்களுக்கு என்ன தெரியும்? சொந்தப் புள்ளையா இருந்தா இப்படித் தடுப்பீங்களா?"

ஐயோ, பிள்ளையில்லாத அவளிடம் கேட்கிற கேள்வியா அது! கணவன் செல்லசாமியும் தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்கு இறங்கிவிட்டாள். தாய்மார் மலைக்குப் போனதும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில்தான் இப்போது அவளுக்கு வேலை.

பிரதாப் விடவில்லை. பத்திரத்தோடு அங்கேயும் வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். கூரை விட்டத்தில் வரிசையாக நாற்பது கொக்கிகள். ஏழில் மட்டுமே தொட்டில் தொங்கியது.

"மத்த புள்ளைங்க எங்க அண்ணி?"

"பொறந்தாத்தானே தம்பி இருக்கும்! நீ எண்ணுனது தீபாவளிக்கு வந்த சனம். மறுவாரமே கொழும்புக்கு பஸ் ஏறிருச்சு. கல்யாணம் கட்டி அங்கேயே புள்ளையும் பெத்துக்குதுங்க. பேரு மட்டும் இங்க இடாப்புல கெடக்கு. நான் வேலைக்கு வந்தப்போ நாப்பது தொட்டிலும் ஆடுச்சு... வருசா வருசம் அவுத்து மடிச்சு வச்சது இந்தக் கைதான். இத நம்பி வேலைய விட்டுட்டு நீ நடுத்தெருவுல நிக்கணுமா?"

பிரதாப் தரையில் உட்கார்ந்துவிட்டான். காலையில் கேட்டதை நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வாய் கூசாம கேட்டுட்டேனே அண்ணி... என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்க!"

அவள் அவன் தலையை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"காணி ஒனக்குத்தான்டா... இன்னைக்கே எழுதித் தர்றேன். வாடகைக்குக் கட்டாத. ஒனக்குன்னு ஒரு வீடு கட்டு. கல்யாணம் கட்டி இங்கேயே இரு. எட்டாவது தொட்டில நான் கட்டுறேன்."